இடப்பக்க ஜன்னலில் என்ன தெரிகிறது?

கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் அனுமதி புரியாவிட்டால், விமானி அதன்படி நடப்பதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும். இது விதி. ஓடுபாதை சம்பந்தப்பட்ட அனுமதி எதுவானாலும் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கன்ட்ரோலர் அதைக் கவனித்துக் கேட்டு, பிழை இருந்தால் உடனே திருத்த வேண்டும். இதுவும் விதி. இரண்டாவது விதியை உலகமே ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது, ஏனென்றால் அது டேப்பில் பதிவாகிறது. விமானிக்குப் புரிந்ததா என்பது எந்த டேப்பிலும் பதிவாவதில்லை. அதனால் முதல் விதியைப் பற்றி விபத்துக்குப் பிறகுதான் பேசுவார்கள்.

நான் சென்னையில் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பறக்கும் பள்ளிகள் 'நான்கே வாரத்தில் பி.பி.எல்.' என்று விளம்பரம் செய்கின்றன. பி.பி.எல். என்பது சொந்த விருப்பத்துக்காக விமானம் ஓட்டுவதற்கான உரிமம். நான்கு வாரம் போதாது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி முடித்து, இன்றும் உயிரோடு இருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த நான்கு வாரத்தில் எதற்கு இடமில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. சாப்பாட்டு மேசையில் ரேடியோ

ராகவன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நாற்பத்தேழு வயது. சென்னை மென்பொருள் நிறுவனமொன்றில் பெரிய பதவி. அவர் மனைவி வைதேகி இங்கே பள்ளி ஆசிரியை. அவள் பள்ளியில் நான் ஒருமுறை பேசப் போனதிலிருந்து பழக்கம். அவள்தான் ராகவனை அழைத்து வந்தாள்.

"அக்கா, இவர் தென்னாப்பிரிக்கா போய் ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்கப் போறாராம். ஒரு மாசம்தான் லீவ். ரேடியோல பேசறதுக்கு மட்டும் நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்கோ. ஆத்துல கண்ணாடி முன்னாடி நின்னுண்டு தனியா பேசிண்டிருக்கார், பாக்கவே பயமா இருக்கு."

சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, கோபுரத்தில் பேசும் வேகத்திலேயே ஓர் அனுமதியை வீசினேன். ஓடுபாதைக்கு இட்டுச்செல்லும் எந்த டாக்ஸிவே வழியாக வர வேண்டும், எந்த ஓடுபாதைக்கு முன்னால் நிற்க வேண்டும், எந்த அலைவரிசைக்கு மாற வேண்டும், காற்றழுத்தம் எவ்வளவு. புதியவர்கள் பாதியில் தடுக்கி விழுவார்கள். ராகவன் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். என் இழுவைகூட அதில் இருந்தது.

"எங்க கத்துக்கினீங்க இத?" என்று கேட்டேன்.

"ஏழு வயசுலேர்ந்து அப்பாகிட்ட பிரபந்தம் சந்தை சொல்லிண்டேன், மேடம். அவர் பாசுரத்த ஒரு தரம் சொல்லுவார், நான் ரெண்டு தரம் திருப்பிச் சொல்லணும். பிசகினா மறுபடி மொதல்லேர்ந்து."

"அர்த்தம்?"

"அதெல்லாம் அப்பறம்தான். நடுவுல வாயத் தொறந்தா முதுகுல ஒண்ணு விழும்."

மேசையில் இரண்டு ஸ்கேல்களை ஓடுபாதை, டாக்ஸிவே என்று வைத்து, வீட்டுச் சாவியை விமானமாக்கினேன். "இப்ப நான் சொன்னதுக்கு வண்டி எங்க நிக்கும்? நகத்துங்க."

சாவி ஓடுபாதையின் நட்டநடுவில் போய் நின்றது.

"நடு ரோட்டுல நிறுத்திட்டேளே! ஸ்கூட்டர் மாதிரியே," என்றாள் வைதேகி.

"புரியலன்னா 'ஸே அகெய்ன்'னு கேக்கணும். அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல," என்றேன்.

ராகவன் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆபீஸ்ல நாப்பது பேர் எனக்குக் கீழ இருக்கா, மேடம். புரியலன்னு சொல்லியே பல வருஷம் ஆச்சு."

சந்தை முறையில் குற்றமில்லை. அங்கே சொல் முதலில் வந்து உட்காரும். அர்த்தம் வந்து சேரப் பின்னால் வருடக்கணக்கில் நேரம் இருக்கிறது. விமானம் அடுத்த நிமிடமே அர்த்தத்தைக் கேட்கும். இதை அவரிடம் சொன்னேன். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

2. வாரங்கள் சுருங்கிய விதம்

அவர் அங்கே போன முதல் வாரத்தில் ஒரே காற்று. பள்ளி இருந்த ஊர் மேட்டு நிலம்; பிற்பகலானால் சின்ன விமானங்களைத் தரையிலேயே கட்டிப்போடும் அளவுக்கு வீசுமாம். பறக்காத நாள்களை அட்டவணையிலிருந்து யாரும் கழிப்பதில்லை. மீதி நாள்களின் தலையில் ஏற்றுவார்கள். அதற்கு இடம் வேண்டுமே, அதனால் தரையில் நடக்கும் பாட வகுப்புகளை நீக்கிவிடுவார்கள்.

"கிரவுண்ட் கிளாஸ் யாரு எடுக்கறாங்க?" என்று போனில் கேட்டேன்.

"வீடியோ குடுத்திருக்கா மேடம், ரூமுக்கு வந்து பாத்துக்கறேன். ஆனா ரேடியோல நான்தான் பேட்ச்ல ஃபர்ஸ்ட். இதுக்கு முன்னாடி எங்க ஓட்டிண்டிருந்தேள்னு கேக்கறா!"

"இன்ஸ்ட்ரக்டர் அதே ஆளா?"

"இவன் மூணாவது. நல்ல பையன். ஏர்லைன்ல இன்டர்வியூ வந்திருக்காம், அவனுக்கும் அவசரம்."

இப்படிப்பட்ட பள்ளிகளில் பயிற்றுநர்களும் போகிற வழியில் இருப்பவர்கள்தான். பறந்த மணி சேர்ந்ததும் ஏர்லைனுக்குப் போய்விடுவார்கள். புதிதாக வருபவர் பழையவர் எழுதிய குறிப்பைப் படிப்பார். ராகவனைப் பற்றி முதல் ஆள் 'ரேடியோ அபாரம்' என்று எழுதினார். இரண்டாவது ஆள் அதைச் சோதிக்கவில்லை. மூன்றாவது ஆளுக்கு அது நிரூபணமான உண்மை. நன்றாகப் பேசுகிறவருக்கு நன்றாகத் தெரியும் என்று முடிவு கட்டுவதைப் போல நேரத்தை மிச்சப்படுத்தும் வழி வேறில்லை.

மூன்றாவது வாரத்தில் முதல் தனிப் பறப்புக்கு நாள் குறித்தார்கள்.

3. முதல் தனிப் பறப்பு

அந்த ஊர் விமான நிலையத்தின் அலைவரிசையை யாரோ ஓர் ஆர்வலர் இணையத்தில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார். இதை நான் வைதேகியிடம் சொல்லியிருக்கக் கூடாது. பள்ளியில் காலாண்டுத் தேர்வு நேரம். அரை நாள் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நமக்குப் பிற்பகல் என்றால் அங்கே முற்பகல்.

முதல் தனிப் பறப்பு என்பது ஒரே ஒரு சுற்று. மேலே ஏறி, இடப்பக்கம் இரண்டு முறை திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, மறுபடி இரண்டு முறை இடப்பக்கம் திரும்பி வந்து இறங்க வேண்டும். இணையாகப் பறக்கும் பகுதிக்கு டவுன்விண்ட் என்று பெயர். அதற்கடுத்த திருப்பம் பேஸ். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நிமிட வேலை.

ராகவன் ஏறினார். குரல் கணீரென்று வந்தது.

"இவர்தான்! அக்கா, இவர் குரல்தானே!" வைதேகி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் டவுன்விண்டில் இருக்கும்போது, ஒரு பயணி விமானமும் வேறொரு விமானமும் ஒரே நேரத்தில் இறங்க வந்தன. கோபுரத்திலிருந்த இளம் குரல் ராகவனிடம், டவுன்விண்டை நீட்டிக்கொண்டு போங்கள், பேஸ் எப்போது திரும்புவது என்று நான் அழைக்கிறேன் என்றது. தினசரி நடக்கிற காரியம். ராகவன் அப்படியே திருப்பிச் சொன்னார்.

பயணி விமானம் இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. இளம் குரல் ஒருவரைத் தரையில் நகர்த்தியது, இன்னொருவருக்கு எஞ்சின் போட அனுமதி தந்தது. ராகவனை அழைக்கவில்லை.

அந்த மாதிரி விமானம் நிமிடத்துக்கு ஒன்றரை மைல் போகும். போகும் திசையில் மலை. ஓடுபாதை முதுகுக்குப் பின்னால். இரண்டு நிமிடம் கழித்தாவது 'நான் இன்னும் டவுன்விண்டில்தான் இருக்கிறேன், திரும்பலாமா?' என்று விமானி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த வரியைக் குரு எடுத்துக் கொடுக்கும்வரை சிஷ்யன் வாய் திறக்க மாட்டான்.

"இப்போ என்ன சொல்றா?"

"வேற வண்டிக்குப் பேசறாங்கம்மா."

"இவர் ஏன் பேசலை?"

"பேச வேண்டியது ஒண்ணும் இல்ல," என்றேன். பேச வேண்டிய நேரம் தாண்டி நாலு நிமிடம் ஆகியிருந்தது.

பள்ளிக்குப் போன் போட்டேன். புதிய சேர்க்கைக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. கட்டணச் சலுகைக்கு இரண்டு. ஆகாயத்தில் இருக்கும் மாணவரைப் பற்றிப் பேச எந்த எண்ணும் இல்லை. தனியாக அனுப்பிய பயிற்றுநர் கையில் ரேடியோவோடு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நடைமுறை. அவர் அப்போது உள்ளே அடுத்த மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, உங்க மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"வெயிலு. ஃபேன வேகமா வை."

அவள் ஃபேனை வைக்க எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கோபுரத்தில் குரல் மாறியது. வயதான, நிதானமான குரல். ஷிஃப்ட் மாறியிருக்கிறது. நாற்காலியில் உட்காரும் ஆள், ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள காகிதத் துண்டை விரலால் தொட்டு, இது எங்கே, இது எங்கே என்று பார்ப்பார். ஒரு துண்டுக்கு விமானம் கண்ணில் படவில்லை.

அவர் ராகவனை அழைத்தார். "ரிப்போர்ட் பொசிஷன்."

"ரிப்போர்ட் பொசிஷன்," என்றார் ராகவன். அதே கணீர்க் குரல், துளி பிசகில்லை.

வைதேகி சிரித்தாள். "பாத்தேளா, டாண்ணு பதில் சொல்றார்!"

இருக்கும் இடத்தைச் சொல் என்கிறார்கள். அந்த மனிதர் கேள்வியையே திருப்பிச் சொல்கிறார். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

அந்தக் கன்ட்ரோலர் மறுபடி அதையே கேட்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோலக் கேட்டார்: "உங்கள் இடப்பக்க ஜன்னலில் என்ன தெரிகிறது?"

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாசகம். திருப்பிச் சொன்னால் அர்த்தமில்லாத வாசகம்.

பிறகு ராகவனின் குரல். கணீர் போய்விட்டது. "தண்ணீர். ஒரு அணை மாதிரி. பக்கத்தில் சிவப்புக் கூரை, நீளமாக. எனக்கு... எனக்கு ஓடுபாதை தெரியவில்லை."

"நல்லது. இப்போது எனக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியும்," என்றார் கன்ட்ரோலர். மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். தார் ரோடு தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. அதன்மேலேயே வாருங்கள் என்றார். ரோட்டில் என்ன வண்டி போகிறது, அணை இப்போது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, எதையும் திருப்பிச் சொல்ல விடாமல், ஓடுபாதை கண்ணில் படும்வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சக்கரம் தரையைத் தொட்டு, ஓடுபாதையை விட்டு விலகினேன் என்று ராகவன் சொன்ன பிறகுதான் வைதேகியிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. எழுந்து போய் ஃபேனை வேகமாக வைத்தாள்.

4. வெள்ளிக்கிழமைப் பயணம்

முதல் தனிப் பறப்பு முடித்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி தலையில் வாளித் தண்ணீர் ஊற்றி, ராகவனின் படத்தைப் பள்ளி தன் இணையப் பக்கத்தில் போட்டது. 'கன்ட்ரோலர் கூப்பிடுவார்னு காத்துண்டிருந்தேன், மேடம்' என்று எனக்கு ஒரே வரி அனுப்பினார். பயிற்சி தொடர்ந்தது. நான்காம் வாரம் செவ்வாயன்று அட்டவணை வந்தது: வெள்ளிக்கிழமை தனியாக நீண்ட பயணம், மலையைத் தாண்டி இரண்டு ஊர்களில் இறங்கித் திரும்ப வேண்டும். சனிக்கிழமை தேர்வு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம். ஒரு நாள் தவறினாலும் உரிமம் இல்லை.

வைதேகி அன்று மாலையே வந்தாள். "நீங்க சொன்னா கேப்பார். போகாதேள்னு சொல்லுங்கோ அக்கா."

"போகாதீங்கன்னு சொன்னா, போகலன்னு திருப்பிச் சொல்லுவாரும்மா. அப்பறம் போவாரு."

"பின்ன என்ன பண்றது?"

அந்த வயதான கன்ட்ரோலர் செய்ததைத்தான் செய்தேன். மூன்று கேள்வி அனுப்பினேன். மலைமேல் மேகம் இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? எத்தனை நிமிடம் ஊர் கண்ணில் படாவிட்டால் வழி தவறிவிட்டது என்று ஒப்புக்கொள்வீர்கள்? யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வீர்கள்? புத்தகச் சொற்கள் வேண்டாம், தமிழில் எழுதுங்கள்.

படித்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. புதன் இல்லை. வியாழன் வைதேகியிடம் போனில், எல்லாம் நன்றாகப் போகிறது, படிக்க நிறைய இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அலைவரிசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நேரலை விட்டுவிட்டு வந்தது. அவர் விமானத்தின் பெயர் காதில் விழவில்லை; போனையும் அவர் எடுக்கவில்லை. புறப்படவில்லையா, நேரலை அறுந்த சமயத்தில் புறப்பட்டுவிட்டாரா என்று எனக்கே தெரியவில்லை. இந்த முறை பொய் சொல்லக்கூட என்னிடம் எதுவும் இல்லை. வைதேகி வீட்டுக்குப் போகாமல் என் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். துரிதப் பயிற்சியில் பறக்கும் மணிகளைக் குறைப்பதில்லை. சட்டம் கேட்கும் மணி ஒன்று விடாமல் இருக்கும். 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்வதற்கான நாள்களைத்தான் எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அட்டவணை சரியும், விசா முடியும், லீவு முடியும். அதனால் மாணவர் சொல்வதில்லை, பள்ளியும் கேட்பதில்லை. பணம் கட்டும் முன் பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: நடுவில் எனக்குப் புரியவில்லை என்றால் எத்தனை நாள் தருவீர்கள்? சொல்ல ஓர் எண் அவர்களிடம் இருந்தால் சேருங்கள்.

ராகவன் எழுதியது இவ்வளவுதான்: "மேடம், மொத கேள்விக்கே எனக்குப் பதில் தெரியல. ரெண்டு நாள் புஸ்தகத்துல தேடினேன். நேத்திக்குக் காலம்பற ப்ளேன்கிட்ட நின்னுண்டு, எனக்குப் புரியலைன்னு இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லிட்டேன். போகல. லைசென்ஸ் இல்லாமதான் வரேன். வைதேகி அங்கதான் இருப்பா, அவகிட்டயும் காட்டுங்கோ."

அது வந்தது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலை.