கட்டிலுக்கடியில் ராகி மாவு

மத்திகிரியில் ஒற்றை அறை எடுத்து நாங்கள் இரண்டு பேர் கல்லூரிக்குப் போய்வந்தோம். நான் திருநெல்வேலிக்காரி, முதுகலை. அவள் அஞ்செட்டி மலைப்பக்கம், பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம். எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது. காலையில் டீ, மதியம் பேக்கரி பப்ஸ், இரவில் பரோட்டா, இதுதான் எங்கள் சாப்பாடு. கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகளும் இதைத்தானே தின்கிறார்கள், நமக்கென்ன கேடு என்று இருந்துவிட்டோம்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் ஆளே மாறிப்போனாள். வகுப்புக்குப் போவதில்லை. போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள், ஏன் என்று கேட்டால் அழுவாள். வம்படியாக ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன்.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"டீ."

"மத்தியானம்?"

"பப்ஸ்."

"ராத்திரி?"

அவள் என்னைப் பார்த்தாள். "பரோட்டால பாதி" என்றேன் நான்.

"இப்படி சாப்பிட்டா மனசுக்குத் தெம்பு எங்கேர்ந்து வரும்? வாரா வாரம் வந்து எங்கிட்ட பேசு. அதோட உங்க வீட்ல சாப்பிடற மாதிரி நேரத்துக்குச் சாப்பிடு" என்றார் டாக்டரம்மா.

பேச்சு நடந்தது. சாப்பாடுதான் நடக்கவில்லை. பரீட்சை நெருங்கிய ஒரு நாள் சொன்னாள்: "நாளைக்கு பஸ்ல ஊருக்குப் போறேங்க்கா. இனிமே வரல. படிப்பு எனக்கு ஆவாது."

போனால் திரும்பமாட்டாள், அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். துணி அடுக்கக் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தாள். கூடவே இரண்டு மூன்று துணி மூட்டைகளும் வந்து விழுந்தன. பிரித்தால் ராகி மாவு! அவள் அம்மா மாதாமாதம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியது.

"ஏட்டி, இவ்வளவு மாவ வச்சிக்கிட்டா பட்டினி கெடக்க?"

"மொதல்ல டப்பால களி எடுத்துட்டுப் போனேங்க்கா. கிளாஸ்ல பாத்துட்டு சிரிச்சாங்க. அதோட உட்டுட்டேன்."

சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். எல்லாம் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள், நெல்லுச்சோறு தின்ற திமிர். வந்த கோபத்தில், டீ போட வைத்திருந்த ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். களியை நான் கண்ணால் பார்த்ததோடு சரி. தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொட்டி, சப்பாத்திக் கட்டையால் விறுவிறுவென்று கிண்டினேன். கட்டி கட்டியாகத் திரண்டு வந்தது.

"ஐயோ, கொட்டினதும் கிண்டக் கூடாதுக்கா! மாவு வேக வேணாமா?" என்று அவள் கட்டிலைவிட்டு எழுந்து வந்தாள். அந்தக் கோலத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு வேறு தண்ணீர் வைத்தாள். மாவைக் குவித்துப் போட்டு வேகவிட்டு, பாத்திரத்தை இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டினாள். இத்தனை பலம் எங்கே ஒளிந்திருந்ததோ! நான் கடைக்கு ஓடி ஒரு கட்டுக் கீரை வாங்கிவந்து கடைந்தேன்.

ஒரு வாய் பிட்டுப் போட்டு மென்றேன். பல்லெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், புரையேறுகிற அளவுக்கு. "மெல்லாதக்கா, கீரைல தொட்டு அப்படியே முழுங்கு!" அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

களி தின்றால் மனக்கவலை தீரும் என்று நான் சொல்லவரவில்லை. டாக்டரம்மாவிடம் அதற்குப் பிறகும் போனாள், போர்வைக்குள் கிடந்த நாட்களும் இருந்தன. ஆனால் மறுநாள் பஸ்ஸுக்கு அவள் போகவில்லை. தினமும் காலையில் களி கிண்டினாள். டப்பாவில் எனக்கும் சேர்த்துக் கட்டினாள். வகுப்பில் யாராவது சிரித்தால் என்னிடம் சொல்லச் சொல்லியிருந்தேன். சொல்லவேயில்லை.

மூட்டைகள் காலியானதும் டெலிபோன் பூத்துக்குப் போனோம். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து அவள் குரல் உரக்கவே கேட்டது.

"எம்மா, பரீட்சை முடிஞ்சிதான் வருவேன். மாவு கொஞ்சம் அதிகமா குடுத்துவுடு. இங்க ரெண்டு பேரு சாப்புடறோம்."