கலந்த நொய்

சாயத்தில் ஊறிய நொய் வெயிலில் காயும்போது, புளித்த கஞ்சியும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்தாற்போல ஒரு வாடை வரும். முதலியார்பேட்டைப் பக்கம் மில்லில் சாயப் பிரிவில் வேலை பார்த்த அப்பா கொண்டுவந்த தூளைக் கரைத்து, என் அக்கா சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு முறம் நிறைய நொய்யைக் கொல்லையில் காயவைத்திருந்தாள். பிரெஞ்சு படித்தவர்கள் "ஃபெத் தியே" என்று சொல்லும் நற்கருணைத் திருநாளன்று, பவனி எங்கள் வாசலில் நிற்கும் இடத்தில் அதைக்கொண்டு தரையில் கோலம்போலக் கம்பளம் போடுவது அவள் பொறுப்பு. மறுமாதம் அவள் கன்னியர் மடத்தில் சேரப்போகிறாள். ஆகவே எங்கள் வாசலில் அவள் போடும் கடைசிக் கம்பளம் அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. "நீ சின்னப் பொண்ணு, ஓரமா நின்னு பூவ மட்டும் தூவு" என்று அம்மா சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. திருநாளன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் நான்கு முறத்தையும் பாயில் கவிழ்த்து, முழங்கை வரை விட்டுத் துழாவினேன். முதலில் வரிவரியாக அழகாகத்தான் இருந்தது. பிறகு எல்லாம் சேற்று நிறமாகிவிட, பயந்துபோய்க் கையை எதிர்ப்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தேன். இன்னும் நன்றாகக் கலந்ததுதான் மிச்சம்.

"எவன் வூட்டு ஆடோ வந்து ஒழப்பிட்டுப் போயிருக்கு" என்றாள் அம்மா. நான் தலையாட்டினேன். அக்கா அழவில்லை. "ஒக்காருடி, பொறுக்குவோம்" என்றாள். பவனி வரும் நேரம் வரை எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு நொய்யாகப் பிரித்தோம். இரண்டு கைப்பிடி சிவப்புதான் தேறியது. அதில் சின்னதாக ஒரு சிலுவை மட்டும் போட்டாள். "எந்தங்கச்சியும் கூடவே ஒக்காந்து பொறுக்குனா" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பேச்சை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் நான் செய்ததைச் சாமியாரிடம் சொன்னேன். சில செபங்களைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். அதோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

பின்னாளில் பள்ளியில் பௌதிகம் கற்பித்தேன். என்ட்ரோபி பாடம் வந்தால், அது ஒழுங்கு கலைந்துபோனதன் அளவு என்று தொடங்குவேன். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் அது மிகக் குறைவு, விண்மீன்கள் திரண்டு எரிய எரியக் கூடிக்கொண்டே போகிறது, கடைசியில் வெப்பம் எங்கும் ஒரே சீராகப் பரவிப் புதிதாக எதுவும் நடக்க முடியாமல் போகும் என்பேன். "கலந்ததைப் பிரிச்சா கொறையாதா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். குறையும், அந்த முறத்துக்குள் மட்டும். பொறுக்குகிறவளின் உடல் வெளியே விடும் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தம் கூடித்தான் இருக்கும் என்றேன். அக்காவின் நெற்றியில் வழிந்த வியர்வை எனக்குத்தானே தெரியும்.

இப்போது அந்தத் தெருவில் யாரும் நொய்க் கம்பளம் போடுவதில்லை. எங்கள் வீடும் இல்லை, அக்காவும் இல்லை. அவள் சாவதற்கு முந்தின வருஷம் மடத்துக்குப் போயிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பொறுக்கிய கதையைத்தான் பேசினாள். கலந்த நொய் தானாகப் பிரியாது, அது பிரபஞ்சத்தின் விதி. ஆனால் "நாந்தாங்க்கா கலந்தேன்" என்று சொல்வதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.