கரையில் முப்பது, சேற்றில் முப்பத்தாறு

கன்னத்தை வரப்பில் பதித்து, ஒற்றைக் கண்ணை மூடி, பவர் டில்லரின் இரும்புச் சக்கரத்தின் மேல் மீட்டர் கோலை வைத்திருக்கிறார் அபயாம்பாள். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது. மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. டில்லர்க்காரர் பக்கத்தில் குந்தி, சக்கரத்தின் குலப்பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: எந்த ஊர் இரும்பு, எந்தப் பட்டறை வெல்டிங், போன வருஷம் எத்தனை பேரைக் கதறவிட்டது என்று. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்த அபயாம்பாள், எழுந்திருக்காமலேயே சொல்கிறார்: “தம்பி, நீங்க அளக்காதீங்க. நான் அளந்துக்கறேன்.”

வயது அறுபத்திரண்டு. ஊர் திருவிடைமருதூர். முப்பத்தோரு ஆண்டுகள் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து, டெல்டாவின் மளிகைக்கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தியவர். இவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பினால் மறுமுனைக் கடையில் கிலோவுக்கு ஐம்பது கிராம் தானாகக் கூடும் என்பார்கள். இன்று அவர், கொள்ளிடம் தென்கரை பவர் டில்லர் சேற்றோட்டச் சம்மேளனத்தின் தொழில்நுட்ப ஆணையர். சம்பளம் கிடையாது. பந்தய நாளில் ஒரு பொங்கல் பொட்டலம், இரண்டு காப்பி. அந்தக் காப்பி டம்ளரையும் ஒரு முறை தூக்கிப் பார்த்து, “நூத்தியம்பது மில்லின்னு சொன்னாங்க” என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றரை ஏக்கர் வயலில் தண்ணீர் கட்டி, சேற்றைக் கூழாகக் கலக்கி, கையால் பிடித்து நடந்தபடி உழும் இயந்திரமான டில்லர்கள் எட்டை வரிசையாக நிறுத்துவார்கள். கொடி விழுந்ததும் எட்டும் ஒன்றாக உறுமும். ஓட்டுகிறவர் கைப்பிடியை விடாமல் முழங்கால் சேற்றில் பின்னாலேயே ஓட வேண்டும். மூன்று சுற்று. நடுவில் கை நழுவினால் ஓட்டுநர் சேற்றில் கிடப்பார்; டில்லர் மட்டும் பந்தலுக்குள் நுழைந்து சிறப்பு விருந்தினரைச் சந்திக்கும். முதல் சுற்று முடிவதற்குள் எல்லாரும் ஒரே நிறமாகிவிடுவதால், முந்துகிறவர் யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அப்படியும் ஆடி ஞாயிறுகளில் வரப்பு கொள்ளாத கூட்டம். தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

மீட்டர் கோல் அவருடைய சொந்தச் சொத்து. ஜவுளிக்கடையில் துணி அளப்பார்களே, அந்த இரும்புக் கோல். பழைய குடை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். தவணை வந்தால், தாம் வேலை பார்த்த அதே அலுவலகத்தில் கடைக்காரர்களோடு வரிசையில் நின்று, கோலைச் சோதிக்கக் கொடுத்து முத்திரை வாங்குவார். “உங்களுக்கு எதுக்கு மேடம் வரிசை?” என்று பழைய சிப்பந்தி பதறினால், “எனக்கு இல்லப்பா, கோலுக்கு” என்பார். சோழநாடு எத்தனையோ செங்கோலைப் பார்த்துவிட்டது. டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோல் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பூ விஷயத்தில் மட்டும் அவருக்கு நெடுநாள் மனவேதனை இருந்தது. முழம் என்பது சட்டப்படி ஓர் அளவே இல்லை. அதற்காக வெள்ளிக்கிழமை தலையில் பூ இல்லாமல் இருக்க முடியுமா? கோயில் வாசலில் பூக்கட்டும் ஐந்து பேரையும் ஒரு நாள் கையை நீட்டச் சொல்லி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தார். தனபாக்கியத்துக்கு நாற்பத்தேழரை சென்டிமீட்டர். மற்றவர்களைவிட இரண்டு விரல்கடை கூட. அன்றிலிருந்து தனபாக்கியத்திடம்தான் பூ. சேதி பரவி, தெருவே அங்கே திரும்பியது. மற்ற நால்வரும் இவரைக் கண்டால் இன்றும் கையை மடக்கிக்கொள்கிறார்கள்.

பந்தயத்துக்கு அவர் வந்தது ஒரு பஸ் டயரால். மூன்று வருடத்துக்கு முன், திருப்பனந்தாள் தாண்டி டயர் வெடித்து பஸ் நின்றது. பக்கத்து வயலில் அடிதடி. ஓடுபாதை நூறு மீட்டர் இருக்கிறதா, இல்லையா என்று. இறங்கிப் போனவர், யாரும் கேட்காமலேயே கோலைப் புரட்டிப் புரட்டி அளந்து, “தொண்ணூத்தாறு மீட்டர் இருவது சென்டி” என்று அறிவித்துவிட்டு, டயர் மாற்றிய பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் சம்மேளனம் வீடு தேடி வந்தது.

சம்மேளனம் என்றால் முக்கியமாகத் தலைவர் ராஜகோபாலன். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். பந்தயம் நடக்கும் மேலவெளி வயல் அவருடையது. ஆகவே தலைவர் பதவியும் அவருடையது. ஞாயிறு மாலைகளில் டிவியில் வெளிநாட்டுக் கார் பந்தயம் பார்க்கும் பழக்கத்தால் அவருக்கு ஒரு மனக்குறை வளர்ந்திருந்தது. “பாரிஸ்ல ஒரு சங்கம் இருக்கு மேடம். அதுக்கும் கார் டீமுங்களுக்கும் எப்பப் பாரு ஆகாது. காரோட இறக்கை வளையுதுங்கறது, சட்டத்த மாத்துங்கறது, இல்லாட்டி தனியாப் போறோம்கறது. அதுதான் உலகத் தரம்! நம்மகிட்ட சண்டையே இல்லியே!”

இந்த ஆடியில் அந்தக் குறை தீர்ந்தது.

சக்கரத்தின் அகலம் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்பது விதி. அகலம் கூடினால் சக்கரம் புதையாமல் மிதந்து ஓடும். மூன்று வருடமாகத் தோல்வியே காணாத பட்டறைக்காரர் இளையபெருமாளின் சக்கரம், கரையில் எப்போது அளந்தாலும் துல்லியமாக முப்பது. அந்தத் துல்லியமே அபயாம்பாளுக்கு உறுத்தியது. “நேர்மையான சக்கரம் முன்னப்பின்ன இருக்கும்” என்பது அவர் சர்வீஸ் அனுபவம். ஒரு ஞாயிறு, பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வயலோரத்தில் தண்ணீர் வடிந்த இடத்தில் பதிந்திருந்த தடத்தில் கோலை வைத்தார். முப்பத்தாறு! சக்கரத்துக்குள்ளே ஸ்பிரிங். கரையில் கைகட்டி ஒடுங்கி நிற்கும். சேற்றில் பாரம் ஏறியதும் மார்பை விரித்துக்கொள்ளும். தேர்தலுக்கு முன்னும் பின்னும் இப்படிச் சிலரை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர்களை யாரும் கோல் வைத்து அளந்ததில்லை.

மறுநாளே புது விதி வந்தது. ஒவ்வொரு டில்லரும் ஒரு சுற்று ஓடி, சேற்றிலேயே நிற்க வேண்டும். நின்ற இடத்தில் அளவு.

எட்டு அணிகளும் டீக்கடையில் கூடின. “சீசன் நடுவுல சட்டத்த மாத்துவாங்களாம், நாம தலையாட்டணுமாம்!” என்று இளையபெருமாள் முழங்கினார். இன்று என் சக்கரம், நாளை உன் சக்கரம் என்று எல்லாருக்கும் பயம் பிடித்தது. எட்டுக் கையெழுத்தோடு கடிதம் போனது: ஆணையரை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பந்தயத்தன்று, அதே நேரத்தில், பக்கத்துக் கீழவெளி வயலில் தனிப் பந்தயம். கடிதத்தைப் படித்த ராஜகோபாலனுக்குக் கண் கலங்கியது. “தனியாப் போறாங்களாம் மேடம்! வந்துட்டோம்! உலகத் தரத்துக்கு வந்துட்டோம்!” பந்தயம் நடத்த டில்லர் வேண்டுமே என்பது அவருக்கு உறைக்கச் சாயங்காலமாகிவிட்டது.

கையெழுத்துப் போட்டவர்களில் சைத்தூன் பீவியும் ஒருவர். ஒரே ஒரு பழைய டில்லர் வைத்து வாடகைக்கு உழுகிறவர். பந்தயத்திலும் தாமே ஓட்டுவார். பஸ் நிறுத்தத்தில் அபயாம்பாளைக் கண்டதும் முகத்தைத் திருப்ப இடமில்லாமல் நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டுட்டேன்.”

“கையெழுத்து உங்களுதுதானே? அப்ப செல்லும்” என்றார் அபயாம்பாள். பஸ் வரவில்லை. “ரிட்டயர் ஆன அன்னிக்கு முத்திரைக் கட்டைய வாங்கி வெச்சுக்கிட்டாங்க. மூணு மாசம் எனக்குத் தூக்கமில்ல. இதுவும் போச்சுன்னா பூக்காரங்க கையைத்தான் அளந்துக்கிட்டுத் திரியணும்” என்றார். சிரித்தார். சைத்தூன் பீவிக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. நடுவில் ஒரு வரப்பு. மேலவெளியில் தளும்பத் தளும்பத் தண்ணீர், மைக், கொடி, மேஜை, மேஜைக்குப் பின்னால் கோலோடு அபயாம்பாள். டில்லர் ஒன்றுகூட இல்லை. கீழவெளியில் எட்டு டில்லர், தவில், செல்போனில் நேரலை, ஆயிரம் பேர், தண்ணீர் இல்லை! முன்தினம் ஆயில் இன்ஜின் வைத்து இறைத்த தண்ணீர் அத்தனையும் வரப்பிலிருந்த நண்டு வளைகள் வழியாக வடிகாலுக்குப் போய்விட்டது. வளையை அடைப்பது நிலத்துக்காரர் வேலை என்று டில்லர்க்காரர்களும், டில்லர்க்காரர்கள் வேலை என்று நிலத்துக்காரரும் நினைத்திருந்தார்கள். நண்டுகள் எந்தத் தரப்பிலும் கையெழுத்துப் போடாதவை. கூழாக இருக்க வேண்டிய சேறு களியாகியிருந்தது. முதலில் இறங்கிய டில்லர் பத்தடியில் அச்சுவரை புதைந்து, இருமி, அணைந்தது. இனி மேல் வயலின் மடை திறந்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர்.

ராஜகோபாலனும் இளையபெருமாளும் வரப்பின் நடுவில் சந்தித்தார்கள். பத்து நிமிடம் குசுகுசுப்பு. இரண்டு கைகுலுக்கல். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். எல்லா அணிகளும் தாய்ச் சம்மேளனத்துக்குத் திரும்புகின்றன. பந்தயம் மேலவெளியிலேயே நடக்கும். சேற்றில் அளக்கும் விதி ரத்து, அளவு முறையே ரத்து. அபயாம்பாள் மேடம் இனி கௌரவ ஆலோசகர். சொல்லி முடித்ததும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சரிகைப் பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போர்த்தினார்.

நம் பக்கத்தில் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்க இதைவிட மரியாதையான வழி கிடையாது. போர்த்தப்பட்டவர் கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அந்த நேரத்தில் நாற்காலியை நகர்த்திவிடலாம். அபயாம்பாளின் கையில் கோல் இருந்ததால் அவரால் கும்பிட முடியவில்லை. நாற்காலியைப் பார்த்தார். நகர்த்தியிருந்தார்கள். நின்றார்.

புதைந்ததைக் கயிறு கட்டி இழுத்த பிறகு, எட்டு டில்லர்களும் மேலவெளியில் இறங்கி வரிசை கட்டின. கூட்டம் வரப்பு மாறி ஓடி வந்தது. தவில் உச்சத்துக்கு ஏறியது. கொடி விழுந்தது!

ஒரே ஒரு இன்ஜின் உறுமியது. இளையபெருமாளுடையது. பக்கத்தில் சைத்தூன் பீவி, இன்ஜினைத் தொடாமல், கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நின்றார். கொடி விழும் முன்பே அதைக் கண்ட மற்ற ஆறு பேரும், காரணம் தெரியாமலேயே, இன்ஜினைக் கிளப்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னம்மா, வண்டி ரிப்பேரா?” என்றது மைக்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. யாரு அளக்கறது?”

“இனிமே அளவே கெடையாதும்மா. முழு சுதந்திரம்!”

“என் வண்டிய அளக்கறாங்களேன்னுதாங்க கையெழுத்துப் போட்டேன். அவரு வண்டியையும் அளக்க மாட்டீங்கன்னு அப்ப யாரும் சொல்லலியே!”

அந்தக் கணக்கு மற்ற ஆறு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது. “அதானே!” என்று ஒருவர் சொன்னார். ஒருவர் பின் ஒருவராகக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்கள்.

“ஏக்கா, கையெழுத்துப் போட்டப்ப மட்டும் இனிச்சுதா?” என்று கத்தினார் இளையபெருமாள்.

“இனிச்சுது தம்பி. எல்லாம் ஒன் சக்கரம் மாதிரிதான். கரையில ஒண்ணு, சேத்துல ஒண்ணு!”

வரப்பு முழுக்க விசில். “இளையபெருமாளு, ஒத்தையா ஓடி ரெண்டாவது வந்துடாதய்யா!” என்று ஒரு குரல். ஆயிரம் பேர் சிரித்தார்கள். ஒற்றை இன்ஜின் ஒரு நிமிடம் உறுமிக்கொண்டே நின்றது. அவர் முகத்தில் சேறு படும் முன்பே நிறம் மாறியது. மேஜைப் பக்கம் திரும்பினார்.

“மேடம்! வாங்க, வந்து அளங்க. ஸ்பிரிங்க நேத்தே கழட்டிட்டேன். சத்தியமா!”

“சத்தியத்துக்கு சென்டிமீட்டர் கெடையாது தம்பி” என்றார் அபயாம்பாள். “ஒரு சுத்து ஓட்டுங்க.”

ஓட்டினார். அப்படி ஓர் ஓட்டம் அந்த வயல் பார்த்ததில்லை! சேறு பந்தல் உயரத்துக்குப் பறந்தது. தவில்காரர் நனைந்தார், மைக் நனைந்தது. வளைவில் டில்லர் ஒரு பக்கம் தூக்க, மனுஷர் அதன்மேல் படுத்தே அழுத்தினார். சுற்று முடிந்து நடுவயலில் சட்டென நின்றது. கூட்டமும் நின்றது. அபயாம்பாள் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். முழங்கால்வரை புதைந்து, காலை இழுத்து இழுத்து வைத்து, டில்லரை அடைந்தார். “மேடம், பதவி விஷயமெல்லாம் பேசிக்கலாம் மேடம்” என்று வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவரும் பின்னாலேயே இறங்கினார்.

சக்கரத்தில் சேறு அப்பியிருந்தது. ஓரம் எது, விளிம்பு எது என்று தெரியவில்லை. அபயாம்பாள் கந்தல் துணி ஏதாவது கிடைக்குமா என்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். கிடைக்கவில்லை. தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தார். உதறினார். வயல் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, சக்கரத்தை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, சரிகையெல்லாம் கறுக்க, அழுத்தித் துடைத்தார். இரும்பு பளிச்சென்று தெரிந்தது. கோலை உறையிலிருந்து உருவிக்கொண்டே, சேறு சொட்டும் பொன்னாடையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். தலைவர் வாங்கிக்கொண்டார்.