அடையில் இருந்த சிங்கி

கோபம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சிவக்கும். வார்டில் ஆயா முதல் டாக்டர் வரைக்கும் அது தெரியும். காது சிவந்தால் ஒரு பயலும் பக்கத்தில் வர மாட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், விருதுநகரில் பாய் கடை முன்னால் நான் நின்றபோது இரண்டு காதும் தீயாய் எரிந்தன.

சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் நான். இரவு டூட்டி முடித்து பஸ்ஸில் விருதுநகர் வந்து இறங்கினால், வீட்டுக்குப் போகிற வழியில் பாயின் மீன் கடை. பிறந்தது வேம்பாரில், அப்பா கடலுக்குப் போனவர். வாக்கப்பட்டதோ மிளகாய் வற்றல் நெடியில் ஊரே தும்முகிற இந்த ஊரில். ஞாயிறு என்றால் மீன் இல்லாமல் வீட்டுப் படி ஏற மாட்டேன்.

அன்றைக்கு நண்டுச் சாக்குக்கு மேலே ஒரு சிங்கி இறால் கிடந்தது. முழ நீளம். கறும்பச்சை ஓடு, முதுகெல்லாம் முள், உடம்பைவிட நீளமாக இரண்டு கொம்பு. அந்தக் கொம்புகள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. உயிரோடு நம் ஊருக்கு வருகிற சரக்கே இல்லை அது. ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுக்கு வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்கிற ஆட்கள் வந்திருக்கிறார்களாம், மத்தியானம் விருந்தாம், அதற்காகச் சொல்லிவைத்துத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததாம். டிரைவர் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே பாய் அதை முதுகோடு பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

அடிவயிறு தெரிந்தது. வால் நெடுக, கொத்துக் கொத்தாக முட்டை. புதிதாக இட்ட முட்டை ஆரஞ்சு நிறமாக இருக்கும். இது காப்பிப்பொடி நிறம். பொரிய இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோதான். இப்படி ஒன்று வலையில் ஏறினால் அப்பா திட்டிக்கொண்டே திரும்பத் தண்ணீரில் போட்டுவிடுவார்.

நான் ஒன்றும் எறும்புக்கு ஒதுங்கி நடக்கிற ஆள் கிடையாது. சிங்கியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஓட்டை உடைத்து, விரலை நக்கித் தின்று வளர்ந்தவள். ஆனால் அன்று விடியும்போதுதான் வார்டில் ஒரு குறைமாதப் பிள்ளையின் உயிர் என் கையில் அடங்கியிருந்தது. கையை எத்தனை தரம் கழுவியும் அந்த எடையில்லாத எடை போகவில்லை. “அதையும் இதையும் முடிச்சுப் போடாத” என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். போட்டேன்தான். போட்டால் என்ன?

பாயிடம் அதை எனக்குக் கொடுங்கள் என்றேன். சிரித்தார். கடலில் விடப் போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றது. சொன்ன சொல் தவறினால் அந்தக் கம்பெனிக்காரர்கள் இனி இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்றார். முட்டையைக் காட்டினேன். மீன் என்றால் சினை இருக்கத்தான் செய்யும், அதைக் கேட்டு வாங்கிப் பொரித்துத் தின்கிற ஊர் இது என்றார். அவர் சொன்னதும் சரிதான். நானே எத்தனை தரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்! அந்த ஆத்திரத்தில்தான் குரல் உயர்ந்துவிட்டது. விளை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குள் பாய் மறுபடி ஒரு தரம் அதைப் புரட்டினார். வாலுக்கடியில் இலை இலையாக இருக்கிற சின்னத் துடுப்புகள் அசைந்துகொண்டிருந்தன. தண்ணீரே இல்லை, ஐஸ் பெட்டியில் மூச்சு முட்டிக் கிடந்து வந்திருக்கிறது, அப்போதும் அது முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

“பாய், நீங்க சொல்ற சினை வயித்துக்குள்ள கெடக்கிறது. இது அப்படி இல்ல. வெளிய வச்சுக் காத்துக்கிட்டு இருக்கு. நல்லாப் பாருங்க, இது அடையில இருக்கு.”

பாய் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி நிற்கும். முட்டை வாங்க நான் போயிருக்கிறேன். அடைக்கோழியை யாரும் தூக்கி அறுப்பதில்லை. எவ்வளவு பெரிய விருந்தாளி வந்தாலும் அந்தக் கூடைப் பக்கம் கை போகாது.

“அந்த வார்த்தைய எதுக்குச் சொன்னீக நர்சம்மா?” என்றார். குரலில் நிஜமான எரிச்சல். “இனி இத நான் எப்பிடிக் குடுப்பேன்?”

மளமளவென்று ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டார். நண்டுச் சாக்கை நனைப்பதற்காக லோடோடு வந்த கடல் தண்ணீர் கேனில் மிச்சம் இருந்தது. அதை ஒரு பாட்டிலில் ஊற்றி என் கையில் திணித்தார். பையை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், வெள்ளைக் கார் வந்து நிற்கிறது.

டிரைவர் இறங்கி நேராக வந்தான். பாய் அவன் முகத்தைப் பார்க்காமல், வழியிலேயே செத்துவிட்டது, செத்த சரக்கைக் கொடுத்தால் முதலாளிக்குத்தான் கெட்ட பெயர், பெரிய வஞ்சிரம் இருக்கிறது தருகிறேன் என்றார். செத்தாலும் பரவாயில்லை, எடுங்கள் பார்ப்போம் என்றான் அவன். பாய் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுச் சும்மா துழாவினார். அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த பை சத்தம் போட்டது. சிங்கி கொம்பைத் தேய்த்தால் துருப்பிடித்த கதவு மாதிரி கிறீச் கிறீச்சென்று கேட்கும். நான் இருமினேன். அது விடவில்லை.

“பையில என்னக்கா, கோழியா?” என்றான் டிரைவர்.

“ஆமா. அடைக்கோழி” என்றேன்.

பாய் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

என் வீட்டுக்காரர் சிவகாசியில் அச்சாபீஸில் ஃபோர்மேன். காலண்டர் சீசன். அன்றைக்கு மட்டும்தான் லீவு. மனிதர் பேப்பரும் மையும் தவிர வேறெதுவும் அறியாதவர். இத்தனை வருஷத்தில் எங்கள் ஊர்க் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. வேம்பார் போக வேண்டும் என்றதும் தலையில் கை வைத்தார். ஆனால் என் காதைப் பார்த்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார். கார் அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டில் இருந்தது. நான்தான் கேட்கப் போனேன், இவர் கேட்டால் தங்கச்சி கொடுக்க மாட்டாள். போகும்போது, “உப்புத் தண்ணிய ஊத்தி சாக்கு காயாமப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

நாத்தனார் காப்பி குடிக்காமல் விடவில்லை. சாவி வாங்கிக் காரை ஓட்டி வந்து நிறுத்தினேன். பை தரையில் வெறுமனே கிடந்தது. பாட்டில் திறக்காமல் அப்படியே இருந்தது.

“பாட்டில்ல எம்புட்டு இருக்கு, பாவம்னு டப்பு நெறையவே புடிச்சு விட்டுட்டேன்” என்றார் பெருமையாக.

குளியலறைக்கு ஓடினேன். நீல டப்பில் வாய்வரை தண்ணீர், போர் தண்ணீர். விருதுநகரில் உப்புத் தண்ணி என்றால் அதுதானே! குடிக்க நல்ல தண்ணி, குளிக்கத் துவைக்க உப்புத் தண்ணி. எனக்கு உப்புத் தண்ணி என்றால் கடல். வேறு அர்த்தம் தலைக்குள் வந்ததே இல்லை. சோப்பு நுரைக்காத அந்தச் சப்புத் தண்ணீருக்குள் சிங்கி கால்களை விரித்துப்போட்டுக் கிடந்தது. கொம்பு ஆடவில்லை. தூக்கிப் புரட்டினேன். விசிறல் நின்றுபோயிருந்தது.

அவரை என்னவெல்லாம் பேசினேன் என்று எழுத முடியாது. அடுத்த வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் சிங்கியை என் கையிலிருந்து வாங்கி, சாக்கில் சுற்றி, பாட்டில் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றி, காரில் என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அருப்புக்கோட்டை தாண்டினோம். ஏசியைக் கூட்டி வைத்ததில் என் விரல்கள் மரத்துப்போயின. பந்தல்குடியில் ஒரு லாரி வழியை அடைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தது. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஹாரன் அடிக்கவே யோசிக்கிற மனிதர். இடையில் அச்சாபீஸிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. “ஆடுதா?” என்று மட்டும் கேட்பார். நான் சாக்கை விலக்கிப் பார்ப்பேன். இல்லை என்று சொல்ல வாய் வராது. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கண் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. வண்டி குலுங்கியதாகவும் இருக்கலாம். அசைந்தது என்றே சொன்னேன்.

“நான் கொன்னுட்டேனா?” என்றார் விளாத்திகுளத்தில். எனக்கு அப்போதும் கோபம்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் சாக்கை இன்னும் நெருக்கிச் சுற்றினேன். ரோட்டைப் பாருங்கள் என்றேன்.

ஊருக்குள் போகவில்லை. அங்கே கடல் தொழிலில் இருக்கிற என் அண்ணனுக்குத் தெரிந்தால் முடிந்தது. இன்னும் உயிர் இருக்கிறதே என்று அதைத் திரும்ப ஐஸ் பெட்டிக்கு அனுப்பிவிடுவான். அவனுக்கு அதுதான் பிழைப்பு. ஊரை ஒட்டி, ஆள் இல்லாத, கரையிலேயே பாறை தொடங்குகிற பக்கம் காரை நிறுத்தினோம். உச்சி வெயில். நான் சேலையைத் தூக்கிச் செருகுவதற்குள் அவர் பேன்ட்டோடு இறங்கிவிட்டார்.

சிங்கியை அப்படியே போட்டால் கல் மாதிரி அடியில் போய்க் கிடக்கும், அலை புரட்டிவிடும். “கையிலயே வச்சு, தண்ணி அது மேல ஓடுற மாதிரி முன்னயும் பின்னயும் ஆட்டுங்க” என்று கத்தினேன். அவர் இடுப்பளவில் நின்று ஆட்டினார். இன்னும் தள்ளி, நெஞ்சளவுக்குப் போனார். ஓர் அலை தலைக்கு மேல் போனது. நான் அலறினேன். அலை வடிந்ததும் பார்த்தால் ஆள் இருமிக்கொண்டு நிற்கிறார், கை மட்டும் தண்ணீருக்கடியில் விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. போதும், விட்டுடுங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் அசையாமல் நின்றார்.

“ஏ புள்ள” என்றார் மெதுவாக. “விசிறுது.”

சொல்லி முடிக்கவில்லை, சடாரென்று வாலை அடித்தது. அவர் கையைத் தூக்கினார். வெறும் கை. உள்ளங்கையில் குறுக்கே கிழிந்து முழங்கைவரை ரத்தம் வழிந்தது. நான் தண்ணீருக்குள் விழுந்தடித்துப் போய் அவரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தேன். இருவரும் அழுதுகொண்டிருந்தோம். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

துணி கிழித்துக் கட்டும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இரண்டு படகுகள் நின்றன.

“அவுக எப்ப வலை விடுவாக?”

“சாயங்காலம்.”

கட்டிய கையை மடக்கிப் பார்த்தார். “ஒரு நா போதும்ல அதுக்கு? ஒரு நா கெடச்சாக்கூடப் பொரிச்சிரும்ல?”

போதும் என்றேன். போதுமா என்று எனக்குத் தெரியாது.