மரியா அன்ரியோடு ஒடென்சேக் குரோவேசியப் பூசைக்கு

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு டென்மார்க்கின் பிராண்டே ஊரில் இருந்து புறப்பட்டோம். பத்தரைக்கே புறப்பட்டிருக்க வேண்டும். காரில் என் கணவரும் நானும், பின் இருக்கையில் எங்கள் பக்கத்து வீட்டு மரியா அன்ரியும். ஒடென்சேக்கு நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டுக்குக் குரோவேசிய மொழியில் பூசை.

மரியா அன்ரி குரோவேசியாவில் இருந்து குமரியாக இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, பிராண்டேயில் ஒரு சனத்தையும் தெரியாமல் நின்றபோது, என் கழுத்துச் சிலுவையைக் கண்டுவிட்டுக் கதவைத் தட்டிய மனுசி அவர்தான். முதல் ஞாயிறே தன் காரில் கத்தோலிக்கக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

போன மாரியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, டேனிஷ் மட்டும் திரும்பி வரவில்லை. மிஞ்சியது தாய்மொழி. அதைக் கதைக்க ஊரில் ஒருவரும் இல்லை. எங்களோடு கொஞ்ச நாள் குரோவேசியத்தில் கதைத்துப் பார்த்தார். நாங்கள் முழிப்பதைக் கண்டு மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டார். வருகிற வியாழன் அவரை வடக்கே தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். இந்தப் பூசையைத் தவறவிட்டால் அவருக்கு இன்னொன்று கிடைக்காது.

இவ்வளவும் தெரிந்தும் என் மனுசன் ஆறுதலாகச் சவரம் எடுத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ, நேரம் போகுது!"

"நீர் ஏன் அவதிப்படுறீர்? பன்னிரண்டு எண்டால் தொடங்கப் பன்னிரண்டரை ஆகும். அவையும் எங்களைப்போல வந்த ஆக்கள்தானே."

எங்கள் தமிழ்ப் பூசைக்குச் சனம் முதல் வேத வாசகத்துக்குப் பிறகுதான் வந்து சேரும். கலியாணம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கணக்கைக் குரோவேசியருக்கும் போட்டுவிட்டார். நானும் காரில் ஏறினேன்.

வைலே நகரைத் தாண்டிப் பெற்றோல் நிலையத்தில் அன்ரிக்கு ஒரு கோப்பி வாங்கினோம், இருபத்தொன்பது குரோனர். அவர் நல்ல நீலச் சட்டை போட்டு, செபமாலையை விரலில் சுற்றியிருந்தார். சின்ன பெல்ட் நீரிணைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. கொப்பன்ஹேகன் போகிற பெரிய பாலம்போல இதற்குக் கட்டணம் இல்லை. பாலம் கடந்ததும் வீதித் திருத்த வேலை, கார்கள் ஊர்ந்தன. கணவர் முகம் கறுத்துப்போனது.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கோவில் வாசலில் நின்றோம். சனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"நாசமாப் போச்சு," என்றார் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்ரி ஒன்றும் விளங்காமல் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற ஒருவர் என் கண்ணைக் கண்டு டேனிஷில் விசாரித்தார். ஸ்டிபே என்று பெயர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னேன். அவர் அன்ரியின் கையைப் பிடித்துக் குரோவேசியத்தில் ஏதோ கேட்டார். அன்ரியின் வாயில் இருந்து வந்தது ஒரு சொல், ஒரு ஊர்ப் பெயர்.

"எங்கள் மாமியின் ஊர்!" என்று கத்திக்கொண்டு ஸ்டிபே கோவிலோடு ஒட்டிய மண்டபத்துக்குள் ஓடினார்.

இவர்களுக்குப் பூசை முடிந்தால் உடனே வீட்டுக்குப் போகிற பழக்கம் இல்லை. மண்டபத்தில் கோப்பியும் வீட்டில் சுட்ட கேக்கும் இருந்தன. அத்தனை பேரும் குவளைகளை அப்படியே வைத்துவிட்டுக் கோவிலுக்குள் திரும்பி வந்தார்கள். இளம் குருவானவர் அன்ரிக்கு நற்கருணை கொடுத்தார். பெண்கள் மாதா பாட்டைத் தொடங்கினார்கள். மரியா அன்ரி முதல் அடியிலேயே சேர்ந்துகொண்டார், ஒரு சொல் பிசகாமல். அந்தச் சனங்களை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மண்டபத்தில் ஸ்டிபே எங்களுக்குக் கோப்பி ஊற்றியபடி கதை சொன்னார். அவருடைய தகப்பன் காலத்தில், குரோவேசியா அப்போது அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவில் இருந்து வேலைக்கு வந்தவர்கள், முதலில் ஒரு தொழிலாளியின் அறையில்தான் செபம் சொன்னார்களாம். பிறகு டேனிஷ்க் கோவிலில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தைக் கேட்டு வாங்கினார்கள். கிழமை முழுக்க எல்லாருக்கும் அவர்கள் யூகோஸ்லாவியர், அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் குரோவேசியர். தொண்ணூறுகளில் அங்கே சண்டை மூண்டபோது இதே மண்டபம் ஊருக்கு அனுப்பச் சேர்த்த உடுப்புப் பெட்டிகளால் நிறைந்ததாம். இன்றைக்கும் சொந்தக் கோவில் கிடையாது, நேரம் மட்டும் சொந்தம்.

"அச்சொட்டா எங்கட கதை," என்றார் கணவர். எங்கள் பூசையும் இரவல் கோவிலில்தான்.

அப்போது குருவானவர் வந்து ஸ்டிபேயிடம் ஏதோ சொன்னார். மரியா அன்ரி பாவசங்கீர்த்தனம் செய்ய, தன் பாவங்களைக் குருவிடம் தனியே சொல்லக் கேட்கிறாராம். நான் அவரைக் கைத்தாங்கலாகப் பூசை உடுப்பு மாற்றுகிற அறைக்குக் கூட்டிப்போய் இருத்தினேன். அன்ரி என்னைப் பார்த்து, போ போ என்று கையால் விரட்டினார். கை கால் தேறும்வரை சீப்பால் தலை இழுத்துச் சோறு தீத்தினவள் நான்!

ஸ்டிபே தனக்கு மொழி விளங்கும் என்று தள்ளிப் போய்விட்டார். விளங்காத நாங்கள் இரண்டு பேரும் கதவடியில் நின்றோம். உள்ளே அன்ரியின் குரல் ஓயவேயில்லை. இடையில் குருவானவர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

மனுசி பகிடி விடுகிற ஆள் என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம்.