பாஞ்சாலை கட்டிக்கொண்ட கயிறு

அடி அண்ணாமலை கிராமத்துப் பாஞ்சாலை வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் எண்பத்தொன்றில் சாராயக் கடைகளை மறுபடி திறந்த வருஷம், அந்த ஊரில் குடியை விட்ட முதல் ஆள் என்று பெயர் எடுத்தவள் அவள்தான்.

குடித்தவன் அவள் புருஷன் கண்ணாயிரம். கெட்டவன் இல்லை, குடித்தால் எங்காவது விழுந்து கிடப்பான், அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் "நல்ல மனுஷன், பாத்துக்கம்மா" என்று அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். கிணற்றடியிலும் கண்ணாயிரம் எப்படி இருக்கிறான் என்றுதான் விசாரிப்பு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒரு நாதி இல்லை. பாஞ்சாலைக்குக் குடியைவிட அதுதான் பெரிய எரிச்சல்.

ஏரிக்கரை வேடியப்பன் கோயிலில் கயிறு கட்டினால் குடி நிற்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. குடிக்கிறவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வான். பூசாரி இருசப்பன் கையில் கறுப்புக் கயிறு கட்டுவார். ஒரு மண்டலம் தொடக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை பாஞ்சாலை கண்ணாயிரத்தைக் குளிக்கவைத்து இழுத்துக்கொண்டு போனாள். ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொன்ன மனுஷன் ஏரியையே தாண்டி ஓடிவிட்டான்.

"ஆளு எங்கம்மா?" என்றார் இருசப்பன்.

"ஓடிட்டாருங்க. எங்கிட்ட குடுங்க, தூங்கறப்ப கட்டிடறேன்."

"அதெல்லாம் ஆவாது. சத்தியம் பண்ற கையிலதான் கயிறு."

சாமி விஷயத்தில் அவருக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. பாஞ்சாலைக்கோ தேங்காய் உடைத்தாகிவிட்டது, வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. கையை நீட்டி, "இனிமே குடிக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்தாள். இருசப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் ஊரே கயிற்றைப் பார்த்துவிட்டது. கயிறு கட்டியவள் குடித்தவளாகத்தானே இருக்க வேண்டும்? சாராயக் கடையில் கண்ணாயிரத்தைச் சுற்றிக் கூட்டம். "பொம்பள குடிச்சா குடும்பம் இன்னாவறது" என்று கூடக் குடிக்கிற ஆதிமூலம் அவன் முதுகைத் தடவி, ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தான். "எவ்ளோ சொல்லியும் கேக்கலண்ணே" என்று கண்ணாயிரம் நிஜமாகவே அழுதான். குடிகாரன் பெண்டாட்டிக்கு வரவேண்டிய ஆறுதலை எல்லாம் குடிகாரனே வாங்கிக்கொண்டான்.

கேள்விப்பட்ட பாஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்லி அவனை நாற அடிப்பது என்று கிணற்றடிக்குப் போனாள். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எப்டி இருக்க பாஞ்சாலை? சாப்ட்டியா? எதுனாலும் எங்கிட்ட சொல்லு, மனசுல வெச்சிக்காத."

பாஞ்சாலை வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. உண்மை வரவில்லை.

அதன்பிறகு யார் யாரோ விசாரித்தார்கள். ஒருத்தி மோர்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழத்தெரு சரசு மட்டும் ஒன்றும் கேட்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷனும் அதே கடையில்தான் கிடந்தான்.

"நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும்க்கா."

"யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"நான் எதுக்குச் சொல்றேன்? வெள்ளிக்கிழமை நானும் கட்டிக்கப் போறேன்."

மண்டலம் முடிந்து பாஞ்சாலை கோயிலுக்குப் போனபோது, மரத்தடியில் சரசுவோடு இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். எல்லார் கையிலும் கயிறு. ஒருத்தி வாயிலும் சாராய வாடை இல்லை. வீட்டுக் கதையைப் பேசிச் சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், மறுபடி சிரித்தார்கள்.

"குடியை வுட்டாச்சில்ல, கயித்த அவுத்துடலாமா?" என்றார் இருசப்பன்.

பாஞ்சாலை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவிழ்த்துவிட்டால் நாளைக்குக் கிணற்றடியில் மறுபடி கண்ணாயிரத்தைத்தான் கேட்பார்கள்.

"இன்னும் ஆசை போவலீங்க," என்றாள். "இன்னொரு மண்டலம் இருக்கட்டும்."