கிம்பல் ஓட்டல் ஊரைவிட்டுப் புறப்பட்ட கதை

ஹல்டா கிம்பல் நெப்ராஸ்காவின் மேற்குப் புல்வெளிக்கு வந்தபோது ஒரு புருஷனையும் ஓர் இரும்பு அடுப்பையும் கொண்டுவந்தாள். வெட்டுக்கிளி வந்து சோளத்தை மொட்டையடித்த வருடம், கொலராடோவில் வெள்ளி தோண்டிச் சம்பாதித்து வருகிறேன் என்று போன புருஷன் திரும்பவே இல்லை. அடுப்பு மிஞ்சியது. அதை வைத்தே அவள் எழுந்து நின்றாள்.

முதலில் கூடாரத்தில் சமைத்துப் போட்டாள். அப்புறம் பலகை பலகையாக வாங்கிச் சேர்த்து, கீழே பெரிய சாப்பாட்டுக் கூடமும் மேலே ஆறு அறைகளுமாக ஓர் ஓட்டல் கட்டினாள். வீடு அவளுடையது. அடிமனை மட்டும் கர்னல் ஸ்ட்ரவுட்டின் நிலக் கம்பெனிக்குச் சொந்தம். அந்த மனுஷர் எந்தப் பட்டாளத்தில் கர்னலாக இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. இருபது வீடும் ஒரு வங்கியும் இருந்த அந்த ஊருக்குத் தன் பெயரையே சூட்டி, ஸ்ட்ரவுட் சிட்டி என்று பலகையும் மாட்டிவிட்டார்.

ஒரு வருடம் நவம்பரில் தேர்தல் வந்தது. கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் தலைநகர் ஸ்ட்ரவுட் சிட்டியா, கிழக்கே குடியானவர்கள் ஊன்றியிருந்த வில்லோ பெண்ட் என்ற ஊரா என்பதுதான் கேள்வி. கோர்ட்டும் நிலப் பதிவும் எங்கே இருக்கிறதோ, ஊர் அங்கேதான் வளரும். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி வீடுகளில் குடியிருந்த ஸ்வீடன்காரர்களும் பொஹீமியாக்காரர்களும் ஒரு பத்திரம் பதியக்கூட கர்னலின் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி வந்து, அவர் ஆட்களிடம் கையைக் கட்டி நிற்கவேண்டியிருந்தது. ஆனால் தலையை எண்ணினால் குடியானவர்கள்தான் அதிகம். கர்னலுக்கும் அது தெரியும்.

அதனால் அவர் ஒரு வேலை செய்தார். அந்த வட்டாரத்துக்கே ஓட்டுப் போடும் இடம் ‘கிம்பல் ஓட்டல் சாப்பாட்டுக் கூடம்’ என்று தம் ஆட்களை வைத்து அறிவிப்பு ஒட்டச் செய்தார். அறிவிப்பை மாற்றும் கெடு முடிந்ததும், ஊரும் உள்ளே அடங்கத் தம் நிலத்தைச் சுற்றி முள்கம்பி இழுத்து, துப்பாக்கியோடு காவல் போட்டார். கேட்டால், “மாட்டுக் காய்ச்சல் பரவுது. வெளியாளும் வெளிவண்டியும் உள்ளே வரப்படாது” என்று பதில்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கர்னல் மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஹல்டா பீன்ஸைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

“காய்ச்சல் மாட்டுக்கா கர்னல், இல்ல உங்களுக்கா?”

கூடம் கொல்லென்று சிரித்தது. கர்னலின் முகம் சிவந்தது. “என் நிலத்துல உக்காந்துக்கிட்டு என்னையே கிண்டல் பண்றியா? உன் மரப்பெட்டியத் தூக்கிக்கிட்டுக் காலி பண்ணு!”

“எங்க போறது?”

“எங்க வேணா போ! நரகத்துக்கே போ!”

“எப்ப போகணும்?”

“நாளைக்கே!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஹல்டா அவருக்குக் காப்பியை ஊற்றிவிட்டு, மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஈபன் டாடிடம் போனாள். ஈபன் ரயிலடியிலிருந்து சரக்கு ஏற்றி வருகிறவன். அவனைப்போலவே வாட்டசாட்டமான எருதுகள் அவனிடம் ஒரு மந்தையே உண்டு.

“ஈபன், உன் எருதுங்க எவ்வளவு பாரம் இழுக்கும்?”

“எதை இழுக்கணும்னு சொல்லுக்கா.”

அவள் குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். ஈபன் கூரையை அண்ணாந்து பார்த்தான். சுவர்களைப் பார்த்தான். வாயில் இருந்த ரொட்டியை மெல்ல மறந்தான்.

“வீட்டையா?”

“காலி பண்ணச் சொல்லிட்டாரே. சாமான விட்டுட்டா போகமுடியும்?”

மறுநாள் விடியும்போதே வேலை தொடங்கியது. கொல்லன் சைலஸ் பெக் பாரம் தூக்கும் இரும்புத் திருகுகளைக் கொண்டுவந்து வீட்டை அங்குலம் அங்குலமாக உயர்த்தினான். அடியில் நீள உத்திரங்களைச் செருகினார்கள். உருளைக்கட்டைகளை அடுக்கினார்கள். எருதுகள் ஜோடி ஜோடியாகச் சங்கிலியில் பூட்டப்பட்டன. கர்னல் வங்கி வாசலில் நின்று சுருட்டுப் புகைத்தபடி வேடிக்கை பார்த்தார். “பரவாயில்லையே, சொன்ன பேச்சு கேக்குற பொம்பளைதான்!” என்று கணக்கரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.

ஈபன் சாட்டையைச் சொடுக்கினான். வீடு ஒருமுறை முனகியது. பிறகு நகர்ந்தது. ஹல்டா இறங்க மறுத்துவிட்டாள். அடுப்பில் தணிந்த நெருப்பு. அதன்மேல் பீன்ஸ் பானை. புகைபோக்கியில் புகை போக, கிம்பல் ஓட்டல் புல்வெளியில் கிழக்கு நோக்கி ஊர்ந்தது.

வேலியருகே மாட்டுக்காரர்களின் மேஸ்திரி ரூஃபஸ் லேன் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து நின்றான். ஆறு வருடமாக ஹல்டாவின் கையால் சாப்பிட்டவன்.

“அக்கா, நில்லுங்க. யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு.”

ஹல்டா சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினாள். “நான் எங்கடா உள்ள வர்றேன்? வெளியேதானே போறேன்!”

ரூஃபஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “அதப் பத்தி கர்னல் ஒண்ணும் சொல்லலையே.” கொஞ்சம் யோசித்தான். “அப்போ ராத்திரிச் சாப்பாடு?”

“ஓட்டல் எங்கேயோ, சாப்பாடு அங்க. ஆப்பிள் பை வேற சுடப்போறேன்.”

ரூஃபஸ் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். ஒருவன் எச்சிலை விழுங்கினான். ரூஃபஸ் சேணப்பையிலிருந்து குறடை எடுத்துத் தானே முள்கம்பியை நறுக்கினான்.

வேலி தாண்டியதும் ஒரு வறண்ட ஓடை குறுக்கிட்டது. இறக்கத்தில் வீடு முன்னுக்குச் சாய்ந்தது. அலமாரியிலிருந்து தட்டுகள் சரிந்து நொறுங்கின. ஒரு சங்கிலி அறுந்து சாட்டைபோல் சுழன்றது. ஹல்டா கொதிக்கும் பானையைத் துணியால் பற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். இத்தனை வருடப் பாடும் இந்தப் பள்ளத்திலேயே சிதறப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது வெளியே அன்னிய பாஷையில் கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். புகையைக் கண்டு வில்லோ பெண்டே திரண்டு வந்திருந்தது. ஆண்டர்ஸ் ஹோக்லண்ட் என்ற ஸ்வீடன்காரர் தம் உழவுக் குதிரைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். “இழு! ஹோய்! இழு!” எருதும் குதிரையும் மனுஷரும் ஒரே மூச்சாக இழுக்க, வீடு மறுகரை ஏறியது. பொழுது சாயும் முன் வில்லோ பெண்டின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

தேர்தலன்று காலையில் கர்னல் குதிரையை நுரைதள்ள விரட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் ஓட்டுப்பெட்டி, வாசலுக்கு வெளியே குடியானவர்களின் நீண்ட வரிசை.

“இது செல்லாது! ஓட்டுச்சாவடி ஸ்ட்ரவுட் சிட்டியில!” என்று கத்தினார்.

தேர்தல் நடுவராக உட்கார்ந்திருந்த சைலஸ் பெக் நிதானமாகச் சொன்னான்: “கிம்பல் ஓட்டல் சாப்பாட்டுக் கூடம்னுதானே கர்னல் உங்க அறிவிப்புல இருக்கு? ஊர் பேரே போடலையே. இது அந்தக் கூடம் இல்லேன்னா சொல்லுங்க, மூடிடறேன்.”

ஹல்டா ஒரு கோப்பையோடு வந்து நின்றாள். “நாளைக்கே காலி பண்ணச் சொன்னீங்க, பண்ணிட்டேன். காப்பி சாப்பிடுங்க.”

அன்றைக்கு எழுந்த சிரிப்பு ஓடைக்கரைவரை கேட்டதாம். ஸ்ட்ரவுட் சிட்டிக்காரர்களும் அவ்வளவு தூரம் வந்து ஓட்டுப் போட்டுச் சாப்பிட்டார்கள். அவர்களிலேயே பலர் வில்லோ பெண்டுக்குப் போட்டது பிறகு தெரியவந்தது. முடிவைச் சொன்னதும் தொப்பிகள் பறந்தன. ஹோக்லண்டின் மனைவி ஹல்டாவைக் கட்டிக்கொண்டு, “உனக்கு ஓட்டே கிடையாதே, ஹல்டா!” என்று விசும்பினாள். பெண்களுக்கு அங்கே அப்போது ஓட்டுரிமை இல்லை.

“அதனால என்ன? ஓட்டுச்சாவடியே என்னோடதுதானே,” என்றாள் ஹல்டா.

கல்கட்டடம் எழும்பும்வரை அந்தச் சாப்பாட்டுக் கூடமே கவுண்டி கோர்ட்டாக இருந்தது. அங்கே வந்த முதல் வழக்கு, வேலியை அறுத்ததற்காகக் கர்னல் ஹல்டாமேல் போட்டது. சாட்சி சொல்ல ரூஃபஸ் லேன் எழுந்து நின்றான்.

“வேலியை அறுத்தது யார்?” என்று நீதிபதி கேட்டார்.

“நான்தானுங்க. கர்னலோட சம்பளத்துல, கர்னலோட குறடால.”

வழக்கு தள்ளுபடியானது. அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நீதிபதியின் காகிதங்களை ஓரமாக ஒதுக்கி, மேசையைத் துடைத்து, ஹல்டா தட்டுகளை வைக்கத் தொடங்கினாள்.